சிவப்பு விரிப்பை நான் அவிழ்த்தது பற்றி

1996ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பலெர்மோ நகரில், கரபினியேரிப் பொலிஸ் அதிகாரி ஒருவர் முன்னிலையில் தரப்பட்ட வாக்குமூலம். வாக்குமூலம் தருபவர் தமிழில் பேசுகிறார். அதிகாரியின் கேள்விகளைத் தமிழில் சொல்லியும் பதில்களை அதிகாரிக்கு இத்தாலியனில் சொல்லியும் தமிழில் எழுதியும் கொடுப்பவர் நகுலேஸ்வரன், வயது 38, வுச்சீரியாச் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை செய்பவர்.

பெயர்: யோசப்பின் கிறிகோரி. வயது: 46. பிறந்த இடம்: இலங்கை, மன்னார் மாவட்டம், முருங்கன். சமயம்: கத்தோலிக்கம். விதவை. பிள்ளைகள் இல்லை. தற்போதைய முகவரி: மொண்டெல்லோ, சிக்னோரா இமெல்டாவின் வீடு. தொழில்: அதே வீட்டில் தங்கி வேலை.

நான் 1991ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இத்தாலிக்கு வந்தேன். அன்றிலிருந்து சிக்னோரா இமெல்டாவிடமே வேலை செய்கிறேன். என் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, புதுப்பிப்பதற்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டுள்ளது. அதற்கான துண்டை அதிகாரியிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

நான் மலைக்குக் கொண்டுபோன, உள்ளே சமைத்துப் படுக்கக் கூடிய கேம்பர் வண்டி சிக்னோராவின் காலஞ்சென்ற கணவருடையது. அவர் இறந்த பிறகு அது வீட்டு முற்றத்தில் சும்மா நின்றது. நான் 1994இல் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். ஊரில் வயலுக்கு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டியவள் என்பதால் பெரிய வண்டி எனக்குப் பயமில்லை. சிக்னோரா, நின்று கறள் பிடிப்பதைவிட நீ கொண்டு போ என்று திறப்பைத் தந்தார். திருட்டு வண்டியோ என்ற கேள்விக்கு இதுவே பதில். சிக்னோராவின் கடிதம் இத்துடன் உள்ளது.

ஏன் தனியாகப் போகிறீர் என்று அதிகாரி கேட்டார். ஐந்து வருடங்களாக இன்னொருவர் வீட்டில், குசினிக்குப் பக்கத்து அறையில் படுக்கிறேன். அறைக்கு மணி உண்டு. மணி அடித்தால் எழும்ப வேண்டும். சிக்னோரா நல்லவர், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டியில் மணி இல்லை. கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, என் தேத்தண்ணியை நானே ஊற்றி, எனக்குப் பிடித்த பக்கம் பார்த்து இருந்து குடிக்கலாம். எங்கள் கோயில் பங்கில் எல்லோரும் இதைப் பற்றிக் கதைப்பது எனக்குத் தெரியும். என் சிநேகிதி ஸ்ரெல்லா முகத்துக்கு நேரேயே சொன்னாள்.

"அக்கா, தனியப் போய்க் காட்டுக்கை படுத்தா சனம் கதைக்கும்."

"நான் வீட்டுக்கை படுத்தாலும் சனம் கதைக்குதுதானே" என்றேன்.

கடந்த ஏழாம் திகதி உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும், சிக்னோரா கத்தானியாவில் இருக்கும் தன் சகோதரி வீட்டுக்குப் போனார். எனக்குப் புதன் வரை விடுமுறை. அதன் பின்னர் நான் வண்டியை எடுத்துக்கொண்டு மடோனியே மலைக்குப் புறப்பட்டேன். மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி ஒன்றின் பக்கத்தில், சரளைக்கல் போட்ட வெளியில் நின்றேன். அது கம்பி போட்ட இடமல்ல. போன வருடமும் அங்கேதான் நின்றேன். காட்டு இலாகாக்காரர் ஒருவர் அப்போது வந்து, வெளியே நெருப்பு மூட்டாதே, குப்பையை விட்டுப் போகாதே என்று மட்டும் சொன்னார். இரண்டையும் நான் மீறவில்லை.

ஞாயிறு பின்னேரம் தெற்கிலிருந்து சூடான காற்று வீசியது. வண்டியின் கண்ணாடியெல்லாம் சிவந்த தூசி. நான் எப்போதும் செய்வது போல வண்டியின் முன்பக்கம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, பின்சில்லுகளுக்குக் கல் வைத்தேன். பட்டமரம் ஏதும் மேலே சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்தேன். தண்ணீர்த் தாங்கியை நிரப்பினேன். திங்கள் காலை குட்டைக்கை உடுப்போடு வெளியே இருந்து தேத்தண்ணி குடிக்கக் கூடிய வெயில். பதினொரு மணிக்கு மூடுபனிப் புகார் மூடியது. ஒரு மணிக்கு ஆலங்கட்டி விழுந்தது. மூன்று மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. அந்த மலை ஏப்ரல் மாதத்தில் இப்படித்தான், ஒரே நாளில் நாலு குணம் காட்டும். எனக்கு அது பழக்கம். கீழே இறங்க முயலாமல் இருந்தேன், ஏனென்றால் புகாரில் வளைவு தெரியாது.

நான்கு மணியளவில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். வயதான ஒருவர் நின்றார். முறைப்பாட்டில் சொல்லப்படும் சிக்னோர் கலோஜெரோ இவர்தான். வயது 77 என்றும், ஒரேத்தோவில் முன்பு பேக்கரி வைத்திருந்தவர் என்றும் பிறகு சொன்னார். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளான பாஸ்குவெத்தா என்பதால் மகள் குடும்பத்தோடு மலைக்கு இறைச்சி சுட்டுச் சாப்பிட வந்தவர், காட்டு அஸ்பராகஸ் தண்டு பிடுங்கப் போய் வழி தவறிவிட்டார். ஒரு பிளாஸ்டிக் பையில் அரைவாசி அஸ்பராகஸ் இருந்தது. கால்சட்டை முழங்கால் வரை நனைந்து, விரல்கள் வெளிறிப்போய் இருந்தன. நான் அவரை உள்ளே ஏற்றினேன்.

அதன் பின்னர் காஸ் சூடேற்றியைப் போட்டு, மூச்சடைக்காமல் இருக்க யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். சிக்னோராவின் கணவருடைய பழைய கம்பளிச் சட்டையும் கால்சட்டையும் அலுமாரியில் இருந்தன. அவற்றைக் கொடுத்துவிட்டு, அவர் மாற்றி முடியும்வரை கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மல்லி அவித்துக் கொடுத்தேன். முதல் மிடறு குடித்துவிட்டு இது மருந்தா என்று கேட்டார். மருந்துதான் என்றேன். முழுவதையும் குடித்தார். பிறகு சோறும் மீன்குழம்பும் கொடுத்தேன். உறைப்பில் கண்ணீர் வந்தது, ஆனாலும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் சாரதி ஆசனத்தில் போர்த்திக்கொண்டு இருந்தேன். என் சொந்தக் கட்டில் என்று எனக்கு இந்த நாட்டில் இருக்கும் ஒன்று அதுதான். கொடுத்ததற்கு மனவருத்தமில்லை. அவர் குறட்டை விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவரை நான் தடுத்து வைத்தேனா என்ற கேள்விக்குப் பதில்: கதவு பூட்டப்படவில்லை. அவர் போக விரும்பவில்லை. விரும்பியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன், ஏனென்றால் பனி முழங்கால் அளவு. என்னிடம் கைத்தொலைபேசி இல்லை. வண்டியில் வேறு தொடர்புச் சாதனமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பனி நின்றிருந்தது. புகார் திட்டுத் திட்டாகக் கலைந்துகொண்டிருந்தது. சிக்னோர் கலோஜெரோ, என்னைத் தேடி ஆட்கள் வருவார்கள், அவர்கள் காணும்படி ஏதாவது கட்டுவோம் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. உயிர்த்த ஞாயிறுக்கு நான் கொண்டுவந்த சிவப்பு மேசைவிரிப்பை எடுத்தேன். வண்டியின் பக்கத்துக் கம்பியிலிருந்து ஒரு மரத்துக்கு நான் உடுப்புக் காயப்போடக் கட்டியிருந்த கொடி இருந்தது. அதில் விரிப்பைப் போட்டு இரண்டு மூலையிலும் முடிச்சுப் போட்டோம். ஒரு முடிச்சு அவர் போட்டது, ஒன்று நான் போட்டது. தேடி வருபவர்கள் காலால் அல்லது ஜீப்பில் வருவார்கள் என்றே நான் நினைத்தேன். வேறு வழியாக வருவார்கள் என்று என் புத்தியில் ஓடவில்லை.

ஒன்பது மணியளவில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சிக்னோர் கலோஜெரோ வெளியே வெயில் பட்ட இடத்தில் நின்றார். அப்போது ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. அவருக்குக் கேட்பதற்கு முன்பே எனக்குக் கேட்டது.

இனி நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அடுப்பை அணைத்தேன். அடுத்ததாக வெளியே ஓடி விரிப்பின் இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன். அவருடைய முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் இழுத்தேன். விரிப்பைச் சுருட்டி என் சட்டைக்குள் அடக்கினேன். அதன் பின்னர் சிக்னோர் கலோஜெரோவின் கையைப் பிடித்து, வண்டியில் ஏற்றாமல், பைன் மரங்களுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். வண்டிக்குள் இருக்கக் கூடாது, வண்டியைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மேலே ஆட்டப் பார்த்தார். நான் தொப்பியைப் பறித்தேன். அவரை மரத்தடியில் பனிமேல் குப்புறப் படுக்கவைத்து, அவர்மேல் நான் படுத்தேன். அவர் சத்தம் போட்டார். வாயை என் கையால் பொத்தினேன்.

"தலையைத் தூக்காதேங்கோ, கதையாதேங்கோ, போயிடும்" என்றேன். அதைத் தமிழில் சொன்னேன்.

ஹெலி இரண்டு முறை சுற்றியது. வண்டி வெள்ளை, பனியும் வெள்ளை. மேலேயிருந்து பார்ப்பவருக்கு அந்தச் சிவப்பு விரிப்பு ஒன்றுதான் தெரிந்திருக்கும். அது என் சட்டைக்குள் இருந்தது. அதன் பின்னர் ஹெலி வடக்குப் பக்கமாகப் போய்விட்டது. போனதும் நான் எழும்பவில்லை. போவது போலப் போய்த் திரும்பி வரும் என்பதால் இன்னும் பத்து நிமிடம் அப்படியே கிடந்தோம். திரும்பி வரவில்லை.

நான் கையை எடுத்தேன். சிக்னோர் கலோஜெரோ கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்து, சிக்னோரா, அது எங்களைத் தேடி வந்தது என்று மெதுவாகச் சொன்னார். தெரியும் என்று சொன்னேன். உண்மையில் அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. வெட்கத்தில் என் உடம்பு முழுவதும் சுட்டது. திரும்ப ஓடிப்போய் விரிப்பைக் கட்டினேன். கால் மணித்தியாலத்தில் புகார் மறுபடி மூடிவிட்டது. அதற்குப் பிறகு ஹெலி வரவில்லை.

அவருடைய உடுப்பு இரண்டாம் முறையும் நனைந்துவிட்டது. மாற்றுவதற்கு வேறு கால்சட்டை இல்லாததால் என் பாவாடையை உடுக்கக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் உடுத்தார். பதினொரு மணிக்கு இருமல் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு நெற்றி கொதித்தது. மல்லியும் காய்ச்சலுக்கு ஒரு பனடோலும் கொடுத்தேன். இனிக் காத்திருந்தால் ஆள் தப்பாது என்று எனக்குப் பட்டது. அதன் பின்னர் பின்னேரம் இரண்டு மணிக்கு வண்டியை இறக்குவது என்று முடிவெடுத்தேன்.

சில்லுக்குப் போடும் சங்கிலி இரண்டு இருந்தன. ஒன்றின் கொளுக்கி உடைந்திருந்தது. உடுப்புக் கொடியை அறுத்து அந்த நைலோன் கயிற்றால் சங்கிலியைக் கட்டினேன். ஒன்பது கிலோமீற்றருக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து பார்த்து, மண்வெட்டியால் பனியை ஒதுக்கி, திரும்ப ஏறி ஓட்டினேன். ஓரிடத்தில் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக் கல்மதிலில் சாய்ந்து நின்றது. இடதுபக்கக் கதவில் உள்ள நசிவு அதுதான். சிக்னோராவிடம் சொல்லிவிட்டேன். ஐந்து மணிக்குக் கீழ்ச் சந்தியில் காட்டு இலாகா ஜீப்பைக் கண்டோம். அவர்கள் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்னால் வண்டியில் போனேன்.

வைத்தியசாலை நடையில் அவருடைய மகள் நின்றார். முதலில் என்னைக் கட்டிப்பிடித்தார். அதன் பின்னர் உள்ளே போய்த் தகப்பனோடு கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தபோது முகம் வேறு. கட்டிய துணியை ஏன் அவிழ்த்தாய், அப்பாவின் வாயை ஏன் பொத்தினாய் என்று கேட்டார். என் இத்தாலியன் குசினி இத்தாலியன். சட்டை மினுக்க, மீன் வாங்க, மருந்துக் கடையில் நிற்க அது போதும். அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல அதில் எனக்குச் சொல் இல்லை. நான் பேசாமல் நின்றதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். ஆளை மறித்து வைத்தாள், மீட்க வந்தவர்களிடமிருந்து ஒளித்தாள் என்று முறைப்பாடு கொடுத்தது அதன் பின்னர்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆகவேதான் இன்று தமிழில் சொல்ல விடும்படி கேட்டேன்.

இதுவரை சொன்னதை எழுதி முடித்ததும் அதிகாரி, ஏன் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் நகுலேஸ்வரன் அதைத் தமிழில் கேட்டுவிட்டு, தன்பாட்டில் இன்னொன்றும் சொன்னார்.

"அக்கா, பயத்திலை என்ன செய்தனெண்டு தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ. அது உங்களுக்கு நல்லது. வேணுமெண்டு செய்ததெண்டு எழுதினா பெர்மெஸ்ஸோவிலை கை வைப்பாங்கள்."

"தம்பி, என்ன செய்தனெண்டு எனக்கு வடிவாத் தெரியும். அடுப்பு, கொடி, ஆள். அந்த ஒழுங்கிலைதான் செய்தனான். அப்பிடியே எழுதுங்கோ."

அவர் எழுதினார். இதை அவர் எழுதியது என் கட்டாயத்தால். அவர்மேல் பிழை இல்லை.

காரணம் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் ஊரில் சுட வரும் ஹெலியின் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புகை தெரியாமல் அடுப்பை அணைக்க வேண்டும். கொடியில் காயும் வெள்ளை, சிவப்புத் துணிகளை எடுக்க வேண்டும். மரத்துக்குக் கீழே படுக்க வேண்டும். கையை ஆட்டக் கூடாது. மேலே இருப்பவனுக்கு ஆட்டுகிற கை எல்லாம் ஒன்றுதான். இதை யாரும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. செய்து செய்து வந்தது.

1990ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு பகல், நான் இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தேன். சத்தம் கேட்டது. உலையில் சோறு பதமாக இருந்தது. குழையப் போகிறதே என்று முதலில் பானையை இறக்கி வடித்தேன். அதன் பிறகு விரிப்பை எடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த இடைவெளியில் என் கணவர் கிறிகோரி கொடிக்குப் போனார். ஒரு விரிப்பை எடுத்துவிட்டார். மற்றது அவர்மேல் கிடந்தது. சோறு குழையவில்லை.

இவ்விடத்தில் அதிகாரி தான் இத்தாலியனில் அடித்துக்கொண்டிருந்த தட்டச்சை நிறுத்தினார். நான் நிறுத்தச் சொல்லவில்லை. தொடர்ந்து சொன்னேன்.

அன்று நான் பிந்தினேன். செவ்வாய்க்கிழமை நான் பிந்தவில்லை. சிக்னோர் கலோஜெரோவை மரத்தடியில் அமத்திக்கொண்டு கிடந்தபோது, இந்த முறை ஆளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தச் சந்தோசத்துக்கு அவர் இப்போது விலை கொடுக்கிறார். ஹெலி அவரைக் கண்டிருந்தால் ஒன்பதரை மணிக்கு வைத்தியசாலையில் இருந்திருப்பார். நான் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மாலை ஆறு மணி. நிமோனியா என்கிறார்கள். இன்று காலைவரை ஒன்றும் சொல்ல முடியாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். மறித்து வைத்தேன் என்பதை நான் ஏற்கவில்லை. ஒளித்தேன் என்பதை ஏற்கிறேன். அவருடைய மகளிடம் இதை வாசித்துக் காட்டும்படி கேட்கிறேன். மன்னிக்கும்படி கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் போதும்.

கடைசியாக, மறுபடியும் மலைக்குப் போவீரா, மறுபடியும் ஹெலி வந்தால் என்ன செய்வீர் என்று அதிகாரி கேட்டார். நகுலேஸ்வரன் என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். விரிப்பைக் கட்டி வைத்துக் கையை ஆட்டுவேன் என்று சொல்லியிருக்கலாம். இந்த நாட்டில் அது காப்பாற்ற வருவது என்று இப்போது எனக்குத் தெரியும், தலைக்குத் தெரியும். ஆனால் சத்தம் கேட்டால் என் கை கொடிக்குத்தான் போகும், அதற்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாது. ஆகவே என் பதில் இது. வண்டியைத் தந்தால் போவேன். தனியாக நிற்கும்போது கட்டினாலும் அவிழ்த்தாலும் அது என் பாடு. என்னிடம் இன்னொருவர் வந்து தங்கினால், அந்த விரிப்பை அவரையே கட்டச் சொல்வேன். எனக்கு எட்டாத உயரத்தில் கட்டச் சொல்வேன்.

இது தமிழில் என் வாயால் சொல்லி எழுதப்பட்டது. முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடைசிப் பதிலை எடுத்துவிடலாமா என்று கேட்கப்பட்டது. வேண்டாம், இருக்கட்டும் என்றேன். இதில் உள்ளது எல்லாம் உண்மை, எனக்குப் பாதகமானதும் சேர்த்து.

(ஒப்பம்) கி. யோசப்பின்

எழுதி, வாசித்துக் காட்டியவர்: (ஒப்பம்) நகுலேஸ்வரன்